பழைய மொறிஸ் மைனரின் வெளித்தகடுகளைத் திருத்திப் பொருத்துதல்

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ40 சோமசெற் போன்ற கார்களில் தகட்டு வேலை தொடங்க எண்ணுபவர், சுத்தியலைக் கையில் எடுப்பதற்கு முன்னர் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு, ஒவ்வொரு கதவையும் சுற்றியுள்ள நீக்கலை, அதாவது இடைவெளியை, நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நீக்கல் மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருக்கிறதா, ஏதாவதொரு மூலை வெளியே தள்ளி நிற்கிறதா, பூட்டு விழுவதற்குக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறதா என்று பார்த்து, மூலைக்கு மூலை அளவை மில்லிமீற்றரில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டின் நிலையை வெளியே தெரியும் அந்த நீக்கல்தான் காட்டுகிறது. எலும்புக்கூட்டைச் சரிசெய்யாமல் வெளித்தகட்டை வளைத்தும் பட்டி பூசியும் நீக்கலை ஒப்பேற்றினால், அந்த வேலை இரண்டு மாரிக்கு மேல் நிற்காது.

இதை நான் எங்கள் வீட்டுக் காரிலேயே கற்றேன். அப்பா வைத்திருந்த நான்கு கதவு மைனர் 1000இன் ஒரு பக்கச் சில் பெட்டியை, அதாவது கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி வடிவத் தகட்டை, மாற்றுவதற்குக் கொடுத்திருந்தோம். வேலை செய்தவர்கள் கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, காரின் நடுவயிற்றில் ஜக் கொடுத்து உயர்த்திப் பழைய தகட்டை வெட்டியிருந்தார்கள். இயந்திரத்தின் பாரத்தால் முன்பக்கம் சரிந்து நின்ற அந்த நிலையிலேயே புதிய தகடு வெல்டிங் செய்யப்பட்டது. கார் வீட்டுக்கு வந்தபோது முன்கதவின் பின் விளிம்பில், மேலே சுண்டுவிரல் நுழையுமளவுக்கு நீக்கல் இருந்தது. கீழே தகட்டோடு தகடு உரசியது. ஒட்டியதை எல்லாம் மறுபடி வெட்டியே அதைத் திருத்த முடிந்தது. கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது முறையில் கற்றது.

எலும்புக்கூடும் கறளும்

எல்லாப் பழைய கார்களும் ஒரே விதமாகக் கட்டப்பட்டவை அல்ல. 1952 முதல் 1954 வரை தயாரிக்கப்பட்ட சோமசெற்றுக்கும் அதற்கு முந்திய ஏ40 டெவனுக்கும் தனியான சேசி, அதாவது அடிச்சட்டம், உண்டு. உடல் அதன்மேல் போல்ற்களால் இருத்தப்பட்டிருக்கும். அவற்றில் கதவு நீக்கல் கெட்டிருந்தால், உடலைத் தாங்கும் இடங்களில் மெத்தைகள் நசுங்கியுள்ளனவா என்று முதலில் பார்த்து, தேவையான இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து உயர்த்துவதாலேயே பாதி வேலை முடிந்துவிடக்கூடும். 1948 முதல் 1971 வரை வந்த மைனருக்கும், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் அந்த வசதி இல்லை. அவற்றில் தரைத்தகடு, சில் பெட்டி, குறுக்குச் சட்டம், தூண்கள், கூரை ஆகிய எல்லாம் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. சில் பெட்டி உக்கினால் கார் நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் கதவு வாசலின் மேற்பகுதி ஒடுங்குகிறது.

எங்கள் குடாநாட்டில் உப்புக்காற்று எட்டாத இடம் குறைவு. பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போய்வரும் கார்களிலும், வல்லை வெளியை நாளாந்தம் கடக்கும் கார்களிலும் கறள் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. மைனரில் பார்க்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: சில் பெட்டியின் இரு முனைகள், முன் இருக்கைக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தின் முனைகள், பின் வில்லுத் தகட்டின் முன்முனை பிடிக்கும் இடம், முன் மட்காட்டுக்குள் சில்லின் (சக்கரத்தின்) பின்னால் சேறு தங்கும் மூலை, முன் தூணின் அடி. இவ்விடங்களில் பழைய திருகாணிச் சாவியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும், அல்லது சாவி உள்ளே போய்விடும். வெளிப்புறத்தில் சிறிய காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்தினால், அது பிடிக்காத இடத்தில் பட்டியோ ஈயமோ தடிப்பாக இருக்கிறது என்று அறியலாம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின; உதிரிப்பாகம் எதுவும் வரவில்லை. அக்காலத்துத் திருத்தங்களை இன்று பிரிக்கும்போது பீப்பாத் தகடும், கூரைத் தகரமும், அடுக்கடுக்காகப் பூசிய பட்டியும் வெளிப்படுவதைக் கண்டிருக்கிறேன். கையில் கிடைத்ததை வைத்துக் காரை வீதியில் வைத்திருந்தவர்களின் வேலை அது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் பாரம் தாங்கும் இடங்களில் அத்தகைய ஒட்டுகளை விட்டுவைக்கக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய தகடுகளுக்கிடையில் ஈரம் தங்கிக் கறள் தொடர்ந்து தின்னும். நல்ல தகடு தென்படும்வரை பழையதை வெட்டி நீக்குவதே முறை.

கதவு ஏன் தொங்குகிறது

கதவின் பின்முனை தாழ்ந்து, மேல் மூலையில் நீக்கல் ஒடுங்கியிருப்பது இரண்டு காரணங்களால் வரலாம். ஒன்று, கதவைத் தூணோடு பிணைக்கும் பிணைச்சலின் தேய்வு. மற்றது உடலின் தொய்வு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். கதவைப் பாதி திறந்து, அதன் பின்முனையை இரு கைகளாலும் மேலும் கீழும் அசையுங்கள். பிணைச்சல் ஆணியில் ஆட்டம் தெரிந்தால் ஆணியை மாற்றுங்கள். துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால், கடைசல்காரரிடம் கொடுத்துத் துளையைச் சற்றுப் பெருப்பித்து, அதற்கேற்ற ஆணியோ பித்தளை உறையோ செய்துகொள்ளலாம். ஆட்டம் எதுவும் இல்லாமலே கதவு தாழ்ந்திருந்தால் குறை உடலில் இருக்கிறது. அதை உறுதிசெய்ய, கதவைச் சாத்தி நீக்கலை அளந்துவிட்டு, ஒரு பக்கப் பின் அச்சின் கீழ் ஜக் வைத்து மெதுவாக உயர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். உறுதியான உடலில் அளவு அநேகமாக மாறாது. கண்ணுக்குத் தெரியும்படி மாறினால், தகட்டு வேலை தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில் பெட்டியை வெட்டும்போது கார் தன் பாரத்தை வீதியில் தாங்குவதுபோலவே தாங்கி நிற்க வேண்டும். முன்னும் பின்னும் சில்லுகளின் அச்சுப் பகுதியில் தாங்கிகளை வையுங்கள். வெறும் ஜக்கை நம்பிக் காரின் அடியில் படுக்காதீர்கள். தரை சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டக் குழாயால் பார்த்து, நான்கு தாங்கிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுப்பகுதி தொய்ந்திருந்தால், சில் பெட்டியின் உட்பக்கத்தில் நல்ல தகடு உள்ள இடத்தில் பனஞ்சலாகைத் துண்டொன்றை இடையில் கொடுத்து இரண்டாவது ஜக்கால் சிறிது சிறிதாக உயர்த்தி, கதவு நீக்கல் மேலும் கீழும் ஒத்துவரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு கதவு வாசலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, மறுபக்க வாசலின் அளவுகளோடு ஒப்பிடுங்கள். அளவு ஒத்துவந்ததும், முன் தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையில் கோண இரும்பை உட்புறமாகக் குறுக்கே வெல்டிங் செய்து வாசலை இறுக்கிக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்தக்கூடியவாறு அந்த இரும்பு அமைய வேண்டும். வேலை நடுவில் கதவைச் சாத்திச் சாத்திப் பார்க்க முடியாவிட்டால் எல்லாம் குருட்டு வேலையாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும், அதிலும் ஒரு பகுதியை மட்டும் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் பற்றறியின் தொடுப்பைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கிக் கொட்டிலுக்கு வெளியே தூரமாக வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கம்பளமும் இருக்கையும் இருக்கும்போது வெல்டிங் தொடங்கக் கூடாது.

வெளித்தகட்டுக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர், அதாவது 20 கேஜ் தகடு பொருந்தும். பாரம் தாங்கும் இடங்களுக்கு 1.2 மில்லிமீற்றர், 18 கேஜ் நல்லது. தடிப்புக் கூடினால் பலமும் கூடும் என்றெண்ணி மெல்லிய பழைய தகட்டின் பக்கத்தில் தடித்த இரும்பை ஒட்டினால், ஒட்டின் ஓரத்திலேயே பழைய தகடு வெடிக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் ஒட்ட வேண்டிய இடத்து நாகத்தைச் சுரண்டி நீக்குங்கள். அதை எரித்தால் எழும் வெண்புகை காய்ச்சலைத் தரும்.

கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீற்றர் கம்பி இந்த வேலைக்கு இசைவானது. முதலில் 20 முதல் 25 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளியாக ஒட்டி, ஒரு முனையில் ஒரு புள்ளி, மறுமுனையில் ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி என்று இடம் மாற்றிப் போக வேண்டும். முந்திய புள்ளி கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின்னரே அதன் பக்கத்தில் அடுத்ததை வைக்கலாம். ஒரே இழுப்பாக ஒட்டினால் தகடு சூட்டில் நெளிந்து, அதை எடுக்க ஒரு முழு நாள் போய்விடும். காஸ் வெல்டிங்கில் சூடு இன்னும் அகலமாகப் பரவுவதால் பெரிய சமதளத் தகடுகளுக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. மூலைகளுக்கும் மடிப்புகளுக்கும் அது போதும்.

பொருத்தும் ஒழுங்கு

நான்கு கதவுக் காரில் பின்கதவிலிருந்து தொடங்க வேண்டும். பின் மட்காட்டை ஒட்டிய உடல் தகடு அசையாதது. ஆகவே பின்கதவை அதற்கு ஒப்ப நிறுத்தி, முன்கதவைப் பின்கதவுக்கு ஒப்பவும், முன் மட்காட்டை முன்கதவுக்கு ஒப்பவும், பொனற்றை இரண்டு மட்காட்டுக்கும் ஒப்பவும் நிறுத்துவதே ஒழுங்கு. முன்னால் இருந்து தொடங்கியவர் எல்லாப் பிழையையும் பின்கதவில் கொண்டுவந்து சேர்க்கிறார். அங்கே அதை மறைக்க இடமில்லை.

கதவைப் பொருத்தும்போது, பூட்டு விழும் கொக்கித் தகட்டைத் தூணிலிருந்து கழற்றிவிடுங்கள். அது இருந்தால் பூட்டு கதவைத் தூக்கிப் பிடித்து, பிணைச்சலின் உண்மையான நிலையை மறைத்துவிடும். பிணைச்சல் திருகாணிகளைக் கதவின் பாரம் சற்று இழுபடுமளவுக்கு மட்டும் தளர்த்தி, கதவின் அடியில் மரத்துண்டு கொடுத்து நிறுத்தி, ஒரே தடிப்புள்ள தகட்டுத் துண்டுகளைச் சுற்றிவரச் செருகிக்கொண்டு இறுக்க வேண்டும். 4 முதல் 5 மில்லிமீற்றர் நீக்கல் போதுமானது. எனினும் அளவைவிட ஒருசீரான தன்மையே கண்ணுக்குத் தெரியும்: சுற்றிவர 5 மில்லிமீற்றர் உள்ள கதவு அழகாக இருக்கும், ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 5 என்றால் தெருவின் மறுகரையில் நின்றாலும் கோணல் தெரியும். இந்த அளவு வெறும் தகட்டில் எடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். பிறைமரும் பெயின்றும் இரண்டு விளிம்புகளிலும் ஏறும்போது நீக்கல் சற்று ஒடுங்கும்.

பிணைச்சலின் திருகாணிகள் சரியான இடத்தில் இருந்தும் கதவின் மேல் மூலை வெளியே நின்று, கீழ் மூலை உள்ளே போயிருந்தால், கதவே முறுகியிருக்கிறது. கீழ் மூலையில் துணி சுற்றிய மரத்துண்டொன்றை வாசலுக்கும் கதவுக்குமிடையில் வைத்து, மேல் மூலையை உள்ளங்கையால் உறுதியாக அழுத்தி முறுக்கை எடுக்கலாம். பயப்படாமலும் அவசரப்படாமலும் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தடவையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கதவு றபரைப் போட்டும் ஒருமுறை சாத்திப் பார்ப்பது அவசியம். இப்போது கடைகளில் கிடைக்கும் றபர் பழையதைவிடத் தடிப்பாக இருந்தால் கதவை வெளியே தள்ளும், அப்போது குறை தகட்டில் இல்லை.

புரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கார்களின் போல்ற்கள் அங்குல அளவுகளில் உள்ளவை. 5/16 அங்குல போல்ற் 7.94 மில்லிமீற்றர் தடிப்பு. ஆகவே 8 மில்லிமீற்றர் போல்ற் அதற்குச் சரியென்றே கண்ணுக்குத் தோன்றும், இரண்டொரு சுற்று ஏறவும் செய்யும். பிறகு புரி அழியும். தூணுக்குள்ளே ஒட்டியிருக்கும் நட்டின் புரி அழிந்தால் தூணையே வெட்டித் திறக்க நேரும். இறுகிய போல்ற்றை எடுக்க முதல்நாளே எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் சற்றுச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுங்கள்.

முன் மட்காட்டின் எல்லாப் போல்ற்களையும் விரலால் மட்டும் ஏற்றி, கதவோரத்து நீக்கலை முதலில் நிறுத்தி, அங்கிருந்து முன்னோக்கி இறுக்கிக்கொண்டு போக வேண்டும். பின் மட்காட்டுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு பீடிங், அதாவது மெல்லிய இடைப்பட்டை, ஓடும். அதைப் போடாமல் பொருத்திப் பார்த்துவிட்டுப் பெயின்றுக்குப் பின்னர் போட்டால் அளவுகள் மாறும். சோதனைப் பொருத்தலிலும் பழைய பீடிங் துண்டொன்றை இடையில் வையுங்கள்.

பொனற்றின் பின்பக்க உயரத்தைப் பிணைச்சலிலும், முன்பக்க உயரத்தைப் பூட்டு ஆணியிலும் றபர் தாங்கிகளிலும் சரிசெய்யலாம். மைனரின் பொனற்றின் நடுவில் ஒரு தட்டையான பட்டை நீளமாக ஓடுவதைக் காணலாம். வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் கார் ஒடுக்கமாகத் தோன்றுகிறது என்று கருதி, தயாரிப்புக்கு முன்னர் மாதிரிக் காரை நடுவால் பிளந்து நான்கு அங்குலம் அகலப்படுத்தியதன் சுவடு அது. அதை நெளிவு என்று எண்ணி அடித்து எடுத்துவிட்ட ஒரு பொனற்றை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். டிக்கி மூடியில் கூடுதலாகச் சொல்ல எதுவுமில்லை. பிணைச்சலையும் பூட்டையும் அதே முறையில் நிறுத்தலாம்.

நெளிவு எடுத்தல்

நெளிவு எப்படி விழுந்ததோ அதன் எதிர் ஒழுங்கில் அதை எடுக்க வேண்டும். இடி பட்ட இடத்தில் நடுக்குழியைச் சுற்றி ஒரு மேடு எழும்பியிருக்கும். பலர் குழியை மட்டும் பின்னாலிருந்து அடிக்கிறார்கள். குழியின் பின்னால் டொலியை, அதாவது கையில் பிடிக்கும் இரும்புக் கட்டியை, அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே மேட்டின்மீது மெதுவாகத் தட்டினால், மேடு இறங்க இறங்கக் குழி தானாக எழும். கடைசியில்தான் டொலிக்கு நேர்மேலே சுத்தியலால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். டொலிமேல் நேராக அடிக்கும் ஒவ்வோர் அடியும் தகட்டை மெலிதாக்கி விரியச் செய்கிறது. கையை அதிகம் உயர்த்தாமல் மணிக்கட்டால் பல சிறிய அடிகள் அடிப்பதே கைப்பழக்கமுள்ளவர்களின் முறை. வளைவான புதிய துண்டுகளைச் செய்வதற்குப் புளியங்குற்றியில் ஆழமற்ற குழியொன்றைத் தோண்டி வைத்திருக்கிறேன்; மணல் நிரப்பிய தோல் பை இருந்தால் அதுவும் நல்லது.

அழுத்தினால் உள்ளே போய், விட்டால் சத்தத்துடன் வெளியே வரும் தகடு விரிந்துபோனது. அதை அடித்து அடக்க முடியாது. சூட்டால் சுருக்க வேண்டும். விரிந்த இடத்தின் உச்சியில் ஓர் ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சிறிய வட்டத்தை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி, அதைச் சுற்றி இரண்டு மூன்று தட்டுத் தட்டி, உடனே ஈரத்துணியால் குளிரச் செய்யுங்கள். ஆறிய பின் அழுத்திப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த புள்ளிக்குப் போகலாம்.

ஆலையில் செய்த இணைப்புகளில் ஈயம் நிரப்பப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அதைக் கிறைண்டரால் தேய்க்காதீர்கள். அதன் தூள் மூச்சோடு உள்ளே போகும். பழைய பெயின்றிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தண்ணீர் விட்டே தேய்த்து, முகமூடி அணிந்துகொள்ள வேண்டும்.

தகடு கைக்குச் சமமாக வந்தபின்பே பட்டி. கண்ணை நம்பாமல், கண்களை மூடிக்கொண்டு உள்ளங்கையை மெல்லிய துணியின்மேல் வைத்துத் தடவிப் பாருங்கள். பட்டியின் தடிப்பு 2 அல்லது 3 மில்லிமீற்றரைத் தாண்டினால் தகட்டு வேலை முடியவில்லை என்றே பொருள். கறளின்மேலோ ஓட்டையின்மேலோ பட்டி பூசவே கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தேய்க்கும் தண்ணீரும் கவனிக்க வேண்டிய ஒன்று. எங்கள் ஊர்க் கிணறுகளில் பல சவர்த் தண்ணீர்க் கிணறுகள். அந்தத் தண்ணீரால் அரத்தாள் போட்டுத் தேய்த்துக் காயவிட்டால் உப்பு தகட்டில் தங்கி, பெயின்றின் கீழே சில மாதங்களில் கொப்புளங்கள் எழும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரை இதற்குப் பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து எடுத்துவந்து கடைசியாகவேனும் அதனால் கழுவி உடனே துடைக்க வேண்டும். வெறும் தகட்டை ஓர் இரவு திறந்து விட்டாலே இங்கே செம்படலம் படியும். அன்றைய வேலையை அன்றே பிறைமரால் மூடிவிடுவது நல்லது. செலுலோஸ் பெயின்ற் அடிப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்க்கட்டும். ஈரக்காற்றில் அது வெண்மையாக மங்கும். சோளகம் வீசும் மாதங்களிலோ புழுதிக்குக் கொட்டிலைச் சுற்றிப் படங்கு கட்ட வேண்டியிருக்கும்.

பெயின்றுக்காகக் கதவுகளைக் கழற்றும் முன்னர், சரியான இடத்தில் இறுக்கிய ஒவ்வொரு பிணைச்சலின் ஊடாகவும் தூணுக்குள் 3 மில்லிமீற்றர் துளைகள் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தத் துளைகளில் அதே தடிப்புள்ள ஆணிகளைச் செருகினால் கதவு அச்சொட்டாகப் பழைய இடத்துக்கு வரும். விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டி, இன்னொருவரைக் கதவைத் தாங்கச் சொல்லிப் பூட்டுங்கள். சில் பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்ச வேண்டும். பாவித்த இயந்திர எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை. கதவின் அடியிலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். கொக்கித் தகட்டைக் கடைசியாகப் பூட்டி, கதவைத் தூக்காமல் தானாக விழும் இடத்தில் இறுக்குங்கள். 500 கிலோமீற்றர் ஓடியபின் முதல்நாள் எழுதிய தாளை எடுத்து, மூலைக்கு மூலை மீண்டும் அளந்து, பிணைச்சல் திருகாணிகளையும் மட்காட்டுப் போல்ற்களையும் ஒருமுறை இறுக்க வேண்டும்.